பால்கோவா தராசும் பத்து மில்லிவோல்ட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள்.

போன மாதம், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருத்தி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் செய்தாள். வீட்டிலேயே பால்கோவா கிண்டி, கால் கிலோ பாக்கெட்டாகக் கடைகளுக்குப் போடுகிறாள். ஒரு கடைக்காரர் பன்னிரண்டு பாக்கெட்டில் எட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒவ்வொன்றிலும் இருபது, முப்பது கிராம் குறைவாம். "என்னைத் திருடி மாதிரி பாக்குறாங்க டீச்சர்" என்று அழுதாள்.

அவள் நிறுத்தது மகன் செய்த தராசில். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். புராஜெக்டுக்குச் செய்ததை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டான். முத்திரை இல்லாத தராசில் நிறுத்து விற்கலாமா என்று முதலில் இருவரையும் திட்டினேன். (இப்போது முத்திரைத் தராசு வாங்கிவிட்டாள்.) ஆனாலும் அந்தத் தராசு ஏன் தப்பாகக் காட்டியது என்ற கேள்வி என்னை விடவில்லை.

ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்த டீச்சருக்கு இதில் என்ன வேலை என்று புது மருமகன்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தது பழைய பிள்ளைகளுக்குத் தெரியும். பள்ளி விட்டதும் நேரே கடைக்குப் போய் சால்டரிங் அயர்ன் பிடித்தவள் நான்.

தராசுக்குள் இருப்பது லோடு செல். ஓர் அலுமினியக் கட்டை, அதன்மேல் ஒட்டிய நான்கு மெல்லிய ரெஸிஸ்டர்கள். எடை வைத்தால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். இரண்டு நீளும், இரண்டு சுருங்கும். பிளஸ் டூவில் நீங்கள் படித்த வீட்ஸ்டோன் சமனச்சுற்றேதான். 1833இல் கிறிஸ்டி என்பவர் சொன்னது, 1843இல் வீட்ஸ்டோன் பரப்பியதால் அவர் பெயர் நின்றுவிட்டது. பாடத்தில் சுற்று சமனானதும் கணக்கு முடிந்துவிடும். தராசுக்கோ சமன் குலைந்தால்தான் வேலையே.

அந்தப் பையனுடையது 10 கிலோ செல். 5 வோல்ட் கொடுத்தால் முழுச் சுமையில் 10 மில்லிவோல்ட் தரும். கிராமுக்கு ஒரு மைக்ரோவோல்ட், அதாவது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! அதுவும் தனியாக வராது. சமிக்ஞைக் கம்பிகள் இரண்டும் 2.5 வோல்ட்டில் நிற்கும்; அந்த 2.5-ஐ விட்டுவிட்டு இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை மட்டும் பெருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே காதோடு சொன்ன ரகசியத்தைக் கேட்பது மாதிரி. ஒரு ஆப்-ஆம்பும் ஒரு சதவீத ரெஸிஸ்டர் நான்கும் வைத்துச் செய்தால், மோசமான பொருத்தத்தில் அந்த 2.5 வோல்ட்டில் ஐம்பதில் ஒரு பங்கு, 50 மில்லிவோல்ட், வெளியே வந்து நிற்கும். முழுச் சுமையைப் போல் ஐந்து மடங்கு! இதற்காகத்தான் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயர் என்று தனி ஐசி. ஈசிஜி எடுக்கும்போது நெஞ்சிலிருந்து வரும் ஒரு மில்லிவோல்ட்டைப் பிடிப்பதும் இந்த வகைச் சுற்றுதான்.

பையன் சோம்பேறி இல்லை. ஏ.டி.620 ஐசி போட்டு, நூறு மடங்குக்கு 499 ஓம் என்று சரியாகக் கணக்கிட்டிருந்தான். முதலில் ஐசியின் ரெஃபரன்ஸ் காலை கிரவுண்டில் கட்டியதால் காலித் தட்டிலும் வெளியீடு ஒரு வோல்ட் பக்கம் ஒட்டிக்கொண்டதாம். ஐசி போச்சு என்று இரண்டு ஐசியைத் தூக்கிப் போட்டிருக்கிறான். ஒற்றை 5 வோல்ட்டில் அந்த ஐசியால் சுழிவரை இறங்க முடியாது. அந்தக் காலை 2.5 வோல்ட்டுக்குத் தூக்க வேண்டும், அதையும் வெறும் இரண்டு ரெஸிஸ்டரால் செய்யாமல் நடுவில் ஒரு ஆப்-ஆம்ப் வைத்துச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பொருத்தம் கெட்டுவிடும். இதை ஒரு வீடியோ பார்த்துச் சரிசெய்துவிட்டான்.

அடுத்து வந்ததுதான் கூத்து. மாலையில் காலித் தட்டே மெல்ல மெல்ல எடை காட்டியது. அவன் காரணம் தேடவில்லை. புரோகிராமில் "சின்ன மாற்றம் வந்தால் சுழியாக்கு" என்று எழுதிவிட்டான். அம்மா கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட, அந்த எடையையும் தராசு விழுங்கியது. பாக்கெட் கூடுதலாகப் போய் அவளுக்கு நஷ்டம். அதை எடுத்தான், மறுபடி குறைவு.

தராசைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் வந்தான். என் வீட்டு மேஜையில் இரண்டு மணி நேரம் ஒரு கிராம்கூட அசையவில்லை. "எங்க வீட்ல மட்டும் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது டீச்சர்" என்றான். பேய் அந்த வீட்டில்தானே இருக்கும்? மறுநாள் நானே போனேன்.

அடுப்பில் பால் கொதிக்கும்போது ஆட ஆரம்பித்தது. போர்டில் ஒரு சமிக்ஞைக் கம்பியைக் கழற்றி, ஆம்ப்ளிஃபயரின் இரண்டு உள்ளீட்டையும் மற்றக் கம்பியிலேயே சேர்த்துக் கட்டச் சொன்னேன். அவன் கிரவுண்டில் கட்டப் போனான். கூடாது, 2.5 வோல்ட்டிலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஐசி தன் எல்லையைத் தாண்டிவிடும். கட்டினோம். ஆட்டம் நின்றது. அப்படியானால் ஐசி குற்றவாளி இல்லை. மறுபடி கம்பியை மாட்டி, தட்டுக்குக் கீழே இருந்த கனெக்டரில் வாயால் ஊதினேன். எண்கள் துள்ளின. பின்களுக்கு நடுவே பாலும் சர்க்கரையும் படிந்த பிசுக்கு! ஆவி பட்டதும் அது கடத்துகிறது. 350 ஓம் செல்லில் 5 வோல்ட் பின்னிலிருந்து சமிக்ஞைப் பின்னுக்குப் பத்து மெகாஓம் கசிவு இருந்தாலே 44 கிராம் தப்பு வரும். கணக்கைப் பையனே போட்டான். ஆல்கஹால் வைத்துத் துடைத்து, கனெக்டரை எடுத்துவிட்டு நேராகச் சால்டர் வைத்து மூடினான். தராசு சாதுவாகிவிட்டது. அரைக் கிலோ பால்கோவா கொடுத்தனுப்பினாள். நான் நிறுத்துப் பார்க்கவில்லை.

என் கருத்துக்கு வருகிறேன். இந்தப் பையனுக்குப் புராஜெக்டில் நல்ல மார்க். பார்வைக்கு வைத்த அன்று தராசு சரியாகக் காட்டியது, போதும். பிழை வந்தபோது எங்கே தொட வேண்டும் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. பாதி செய்முறைத் தேர்வையாவது மாற்ற வேண்டும்: வேண்டுமென்றே ஒரு பழுது வைத்த சுற்றைக் கொடுங்கள், கண்டுபிடித்த வழியை எழுதச் சொல்லுங்கள், வழிக்கு மார்க் போடுங்கள். நாற்பது பேரை வைத்துக்கொண்டு நேரம் எங்கே என்று பணியிலிருக்கும் என் பிள்ளைகள் கேட்பீர்கள். நியாயம்தான். நானும் டார்ச் லைட் பாடத்தில் எரிந்த டார்ச்சைக் காட்டி முடித்தவள்தான். எரியாத டார்ச்சைக் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

வீட்டில் கெட்டுப்போன மின்னணுத் தராசு இருந்தால் காயலான் கடையில் போடாதீர்கள், எனக்கு அனுப்புங்கள். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நான்கு பேர் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பையனும் வருகிறான், அவன்தான் பழுது வைக்கப்போகிறவன்.