யானைக்கால் நோய்க் கண்காணிப்பில் ஆய்வகப் புரதச் சோதனை: எங்கள் நிலைப்பாடு

மரக்காணம் உப்பளக் கரையிலுள்ள குடியிருப்புகளில், ஆய்வகத்தில் தயாரித்த புரதத்தைக் கொண்டு செய்யும் ரத்தச் சோதனையை யானைக்கால் நோய்க் கண்காணிப்பில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. இந்நோயின் நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் தங்கி, இரவில்தான் தோலடி ரத்தத்துக்கு வருகின்றன. அதனால்தான் இரவு 8.30 மணிக்கு மேல் வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கிறார்கள். விடியுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வார வேண்டியவர்கள் அந்நேரம் அயர்ந்து கிடப்பார்கள். தூங்கும் பிள்ளையை எழுப்பி ஊசி குத்தத் தாய்க்கு மனம் வராது. விட்டுப்போன அந்த வீடுகளைப் பற்றிக் கண்ணாடித் தகடு எதுவும் சொல்லாது. நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு பெருகுவதோ உப்புப் பாத்தியில் அல்ல, அதே வீடுகளின் ஓரத்துச் சாக்கடையில்.

இயற்கையில் இப்புழு முதிர்வது மனித உடலில் மட்டுமே. சோதனைக்கு வேண்டிய அளவு அதை ஆய்வகத்தில் வளர்க்க முடியாது. முழுப் புழுவை அரைத்தெடுத்த சாற்றைப் பயன்படுத்தினாலோ, கொக்கிப்புழு, நாக்குப்பூச்சி உள்ளவர்களின் ரத்தமும் அதனோடு வினைபுரிந்து குழப்பும். புழுவின் ஒரே ஒரு புரதத்துக்கான மரபணுவைப் பாக்டீரியாவில் செலுத்தினால் அந்தப் புரதம் மட்டும், தொகுப்புக்குத் தொகுப்பு மாறாமல், வேண்டிய அளவு கிடைக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் காளிராஜ் குழு 'எஸ்எக்ஸ்பி' புரதத்தைக் கொண்டு உருவாக்கிய, புழுவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் விரைவுச் சோதனை 2004-இல் ஆய்விதழில் வெளியானது. அதற்குப் பகலிலேயே ரத்தம் எடுக்கலாம். 2016-இல் நோய் ஒழிப்புச் சான்று பெற்ற இலங்கையில், ஊர் முழுவதற்குமான மருந்து வழங்கல் முடிந்தபின் பள்ளிக் குழந்தைகளிடம் 'பிஎம்14' என்ற ஆய்வகப் புரதத்தால் எதிர்ப்பொருள் பார்த்தார்கள்.

எதிர்ப்பொருள் நோய் போன பிறகும் ரத்தத்தில் தங்குமே என்பது நியாயமான ஆட்சேபம். பெரியவர்களைப் பொறுத்தவரை அதை முழுமையாக ஏற்கிறோம். ஆனால் ஊர் முழுவதற்கும் தரும் மாத்திரைச் சுற்றுகள் நின்றபின் பிறந்த 6, 7 வயதுக் குழந்தையிடம் பழைய தொற்றின் மிச்சம் ஏது? அங்கே எதிர்ப்பொருள் தெரிந்தால், அண்மையில் கொசு புழுவைக் கொண்டுவந்திருக்கக்கூடும் என்றே பொருள். பகலில் செய்யத்தக்க எஃப்டிஎஸ் என்ற ரத்தச் சோதனைப் பட்டை ஏற்கெனவே இருக்கிறது என்பார்கள். அது முதிர்ந்த புழுவின் சுவட்டைத் தேடுகிறது. புழு முதிர மாதக்கணக்கில் ஆகும். எதிர்ப்பொருள் அதற்கு முன்பே தோன்றக்கூடும். தவறான முடிவுகள் வரும் என்ற அச்சமும் கணக்கோடு கூடியதுதான்: 98 சதவீதம் துல்லியமான சோதனைகூட, தொற்றே இல்லாத 1,000 குழந்தைகளில் 20 பேரைத் தவறாகச் சுட்டும். ஆகவே இச்சோதனையை மட்டும் வைத்து எந்தக் குழந்தையையும் நோயாளி என்று சொல்லக் கூடாது. சுட்டப்பட்டவர்களுக்கு எஃப்டிஎஸ் பட்டையும் இரவு ரத்தப் பரிசோதனையும் செய்து உறுதிப்படுத்த வேண்டும். அப்போது இரவில் தட்ட வேண்டிய கதவுகள் சிலவே. குழந்தைகளின் பெயர் வெளியில் போகவே கூடாது. வீங்கிய காலை மறைத்து வாழும் ஊரில் அது சிறிய விஷயமல்ல.

2027-க்குள் இந்நோயை ஒழிப்பதாக இந்தியா அறிவித்துள்ளது. அடுத்த பள்ளிக் கணக்கெடுப்பிலேயே மரக்காணம் உப்பளக் குடியிருப்புகளின் குழந்தைகளுக்கு இச்சோதனையைச் செய்யுமாறு பொதுச் சுகாதாரத் துறையை வேண்டுகிறோம்.