ஒன்றரை மணி நேரம் என்னும் புனைவு

விஷ்ராந்த்வாடியில் நான் தங்கியிருக்கும் அறையிலிருந்து லோஹகாவ் விமான நிலையம் கூப்பிடு தூரந்தான். என் சொந்த ஊரான ஓமலூரை ஒட்டிய காமலாபுரத்தில் இருப்பது சேலம் விமான நிலையம். பயணத்தின் இரு முனைகளிலும் விமான நிலையம் வாய்த்தவன் நான். இவ்விரண்டுக்கும் இடையிலான வான்வழித் தொலைவு சுமார் 875 கிலோமீட்டர், பயண நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி என்று இணையக் கணிப்பான்கள் தயங்காமல் கூறுகின்றன.

சென்ற மாதம் பெரியப்பா காலமான செய்தி வந்தது. நேரடி விமானம் இல்லை. பெங்களூருக்குப் பறந்து, தேவனஹள்ளியிலிருந்து நகரைக் கடந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியே பேருந்தில் ஊர் சேர்ந்தபோது பதினொரு மணி நேரம் கழிந்திருந்தது. தகனமும் முடிந்திருந்தது.

இதை என் துயரமாக மட்டும் எழுதவில்லை. அந்தக் கணிப்பான் செய்யும் அதே பிழையை நம் ஆய்வுக் கட்டுரைகளும் செய்கின்றன என்பதே என் குற்றச்சாட்டு. கணிப்பான் செய்வது என்ன? கோளத்தின் மீது இரு புள்ளிகளுக்கு இடையேயுள்ள மிகக் குறுகிய வில்லை அளக்கிறது. அதை மணிக்கு 800 கிலோமீட்டர் போன்றதொரு ஜெட் வேகத்தால் வகுக்கிறது. ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்க்கிறது. அத்தடத்தில் விமானம் உண்டா என்று அது கேட்பதில்லை. சேலத்துக்கு வருவது 500 கிலோமீட்டர் வேகத்தையொட்டிப் பறக்கும் ஏடிஆர் வகை விமானம் என்பதும் அதற்குத் தெரியாது. அந்த எண்ணை எடுத்து 'இணைப்பு' என்று பெயரிட்டு அட்டவணையில் ஏற்றுவது அறிவியல் ஆகாது.

சேலம்–சென்னைத் தடத்தையே பாருங்கள். உடான் திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சில் சேவை தொடங்கியது, பின்னர் நின்றுபோனது, 2023 அக்டோபரில்தான் மீண்டும் வந்தது. இத்தனை ஆண்டுகளில் இரு நிலையங்களுக்கும் இடையிலான தொலைவு ஒரு மீட்டர்கூட மாறவில்லை. மாறாத ஓர் எண் மாறிக்கொண்டே இருக்கும் வாழ்வை எவ்வாறு அளக்கும்?

இது சேலத்தின் தனிக்கதையும் அன்று. உடானின் முதல் மூன்று சுற்றுகளில் வழங்கப்பட்ட 774 தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை என்றும், தொடங்கிய 371இல் 112 மட்டுமே மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை நிறைவு செய்தன என்றும் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. பறக்காத அந்த 403 தடங்களுக்கும் கணிப்பானிடம் 'பயண நேரம்' உண்டு!

எரிபொருளையும் கட்டண உச்சவரம்பையும் கணக்கிட வான்வழித் தொலைவு தேவை, மறுக்கவில்லை. மக்களுக்கு என்ன கிட்டியது என்பதை அது சொல்லாது. வாரத்துக்கு எத்தனை விமானங்கள், எந்நேரத்தில், என்ன கட்டணத்தில், வீட்டு வாசலிலிருந்து வாசல்வரை எத்தனை மணி என்னும் நான்கும் இல்லாத கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்பாதீர்கள். மதிப்பிடும் இடத்தில் இருப்பவர்கள், அத்தகைய கட்டுரை வந்தால் திருப்பி அனுப்புங்கள்.