அம்மம்மாவின் பொங்கற்பானை

2003ஆம் ஆண்டுத் தைப்பொங்கல். யுத்தநிறுத்தத்தால் பாதை திறந்திருந்தது. பேசாலையிலிருந்து உயிலங்குளம் சோதனைச்சாவடி தாண்டி அடம்பனுக்கு, அம்மம்மா வீட்டுக்குப் போனோம். எனக்கு அப்போது பத்து வயது.

கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் விளைந்த புதுநெல்லைக் குத்தி, மாமிமாரும் சித்திமாரும் முற்றத்தில் அடுப்பு மூட்டினார்கள். பால் பொங்கியதும் அம்மம்மா ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, சிறங்கை சிறங்கையாக அரிசி போட்டார். 1990இல் படகேறி இந்தியாவுக்குப் போன பெரியமாமாவுக்கும் ஒரு சிறங்கை. சேதியே இல்லாத சின்னமாமாவின் பெயர் வந்தபோது சின்னமாமி எழும்பிப் போய்விட்டார். சிறுவர் எங்களுக்கோ வெடியிலும் புக்கையிலும்தான் கண்!

2008இல் அடம்பன் சனம் இடம்பெயர்ந்தது. பானையும் போயிற்று. அம்மம்மா முகாமில் கண்மூடினார்.

இப்போது பேசாலையில் அம்மா பொங்குகிறார். சின்னமாமாவின் சிறங்கையைச் சின்னமாமிதான் போடுகிறார், பெயரையும் அவரே சொல்லி.

சகோதரிகளே, உங்கள் பானையில் யார் யாருக்கு அரிசி விழுகிறது? எழுதுங்கள்.