ஒரு பாயிண்ட்டைக் குறையுங்கள்... ஒரு பறவையைப் பாருங்கள்!

ஊட்டி டூர் என்றாலே நம்மவர்கள் கையில் ஒரு லிஸ்ட் இருக்கும். பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், ரோஸ் கார்டன், தொட்டபெட்டா, அப்படியே குன்னூர் சிம்ஸ் பார்க், டால்பின்ஸ் நோஸ்... அத்தனையும் இரண்டே நாளில்! "இவ்வளவு தூரம் வந்துட்டு அதைப் பாக்காமப் போறதா?" என்று வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். அப்புறம் என்ன... வேனில் ஏறு, இறங்கு, க்யூவில் நில், போட்டோ எடு, மறுபடி ஏறு. முட்டிவலிக்காரப் பாட்டி வேனைவிட்டு இறங்குவதே இல்லை. பையன் செல்போனை நோண்டுகிறான். கொண்டை ஊசி வளைவில் சின்னவளுக்கு வாந்தி. ஊர் திரும்பியதும் ரெஸ்ட் எடுக்கத் தனியாக இரண்டு நாள் லீவு!

கூட்டமும் கொஞ்சநஞ்சமில்லை. வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் நீலகிரிக்குள் வரவேண்டும் என்று 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி ஏற்பாடு செய்கிற நிலைமை வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி இதுதான். அந்த லிஸ்ட்டில் ஏதாவது ஒன்றை அடித்துவிடுங்கள். அந்த நேரத்தை எடுத்து, ஒரு நாள் காலையில் குடும்பத்தோடு பறவை பாருங்கள். ஒரு மணி நேரம் போதும்.

"அதெல்லாம் பீரங்கி மாதிரி கேமராவைத் தூக்கிட்டு அலையறவங்க சமாச்சாரமாச்சே?" என்பீர்கள். இல்லவே இல்லை. ஊட்டியில் பறவையைத் தேடி நாம் அலைய வேண்டாம். ஓர் இடத்தில் பேசாமல் நின்றால் அதுவே வரும்.

நீலகிரி சிரிப்பான் என்று ஒரு பறவை. மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது. கண்ணுக்கு மேல் திருநீறு தீட்டினது போல வெள்ளைப் புருவம், செம்பழுப்பு வயிறு. நாலைந்து சேர்ந்துகொண்டு கெக்கெக்கே என்று சிரித்தால், யாரோ நம்மைக் கேலி பண்ணுகிறார்கள் என்றே தோன்றும். உலகத்திலேயே நீலகிரி மலையிலும் அதை ஒட்டிய உயரங்களிலும்தான் இது உண்டு. கொடைக்கானலில்கூடக் கிடையாது! நடுவே பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. அந்தத் தாழ்வான இடைவெளியைக் குளிர்மலைப் பறவைகள் தாண்டுவதில்லை. அதனால் அந்தப் பக்கம் பழனி மலையில் இருக்கிற சிரிப்பான் வேறு இனமாகவே ஆகிவிட்டது. 2017-ல் மரபணு ஆராய்ச்சி செய்த விஞ்ஞானிகள், இந்த மலைச் சிரிப்பான்களுக்கென்றே ஒரு புதுப் பேரினம் வகுத்தார்கள். சோலைக்காட்டுத் தரையில் ஒளிந்து திரியும் நீலக்குருவி ஒன்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஷோலிகோலா'. நம்ம ஊர் 'சோலை' லத்தீனுக்குப் போய்விட்டது, பாருங்கள்!

அடுத்து, கருப்பும் ஆரஞ்சுமாக ஓர் ஈப்பிடிப்பான். சிட்டுக்குருவியைவிடச் சின்னது. புதரடி இருட்டில் தாழ்வாக உட்கார்ந்திருப்பதால், நிமிர்ந்தே நடக்கிறவர்கள் கண்ணில் படாது. குழந்தைகள்தான் முதலில் பார்ப்பார்கள். இவை தவிர கருநீல நிறத்தில் நீலகிரி ஈப்பிடிப்பான், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட வெள்ளைக்கண்ணி, மஞ்சள் மூக்குக் கரும்பறவை... கொண்டைக்குருவிக்குக் கணக்கே இல்லை.

எங்கே போவது? தங்கியிருக்கும் லாட்ஜ் பக்கத்தில் மரமும் புதரும் உள்ள தெருவே போதும். பொட்டானிக்கல் கார்டன் போனால் கூட்டம் நிற்கிற புல்தரையை விட்டு மேல்பக்கம் நடங்கள். தொட்டபெட்டாவை விட மனசில்லையா? உச்சியில் டெலஸ்கோப்புக்கு அடித்துப்பிடித்துக்கொண்டு நிற்பதைவிட, போகிற வழியில் மரங்கள் அடர்ந்த ரோட்டோரம் அரைமணி நிற்பது மேல் என்பேன். காட்டுக்குள் இறங்கக் கூடாது. அனுமதி கிடையாது என்பதோடு, காட்டெருமை ஆபத்தும் உண்டு. ஊருக்குள்ளேயே சாவகாசமாக நடமாடுகிற பிராணி அது. கண்ணில் பட்டால் செல்ஃபி எடுக்காமல் ஒதுங்கிவிடுங்கள்.

நேரம்தான் முக்கியம். ஆறு மணி, ஆறரைக்கு நின்றுவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் ஹாரன் சத்தத்தில் எந்தப் பறவை பாடும்? எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது. வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

இதில் ஆரோக்கியம் எங்கே வந்தது என்கிறீர்களா? லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செல்போன் மூலமாகவே தினமும் விசாரித்து, 2022-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பறவையைப் பார்த்தாலோ, குரலைக் கேட்டாலோ மனசு தெளிவாக இருக்கிறதாம். அந்தத் தெளிவு எட்டு மணி நேரம்வரைகூட நீடிக்கிறதாம். மன அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் அப்படியேதான். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! இன்னொன்று, பகல் வெளிச்சத்தில் வெளியே அதிகம் இருக்கிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு. ஊட்டியில் ஒரு மணி நேரம் நின்றால் கண்ணாடி கழன்றுவிடாது. ஆனால் அங்கே பிடித்த பைத்தியம் ஊரில் மொட்டைமாடியிலும் தொடருமே!

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு விஷயம். மற்ற பாயிண்ட்டுகளில் எல்லாம் பாட்டிக்குப் படி ஏற முடியாது. இங்கே ஒரு மடக்கு நாற்காலி போட்டால் அவர்தான் ராணி. பொறுமையாக உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத்தான் பறவை அதிகம் தட்டுப்படும். "அதோ, அந்தக் கிளையில பாருடா" என்று பேரனுக்கு அவர் காட்டுவார்.

சில ஜாக்கிரதைகள். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். சமவெளியில் மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜனில் முக்கால் பங்குதான் அங்கே. இதய நோயாளிகள் போன மறுநாள் காலையே வேகமாக மேடேறக் கூடாது. ஆஸ்துமாக்காரர்கள் மஃப்ளரால் மூக்கை மூடிக்கொண்டு, இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு கிளம்ப வேண்டாம். நாலு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு, சட்டைப்பையில் இரண்டு மிட்டாயும் போட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலமானால் அட்டை ஏறும். சாக்ஸுக்குள் பேண்ட்டைச் செருகிவிடுங்கள்.

பறவைகளுக்காகவும் ஒன்று. செல்போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடுகிற பழக்கம் பரவிவருகிறது. நாம் கூட்டமாகப் போகிற கோடை, பல பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற சீசன். எதிரி வந்துவிட்டதென்று முட்டையை விட்டுவிட்டு ஓடிவரும். ஒரு போட்டோவுக்காக அது வேண்டாம். சிப்ஸ் போடுவதும் வேண்டாம்.

எட்டரைக்கு லாட்ஜுக்குத் திரும்பி டிபன் சாப்பிடலாம். அப்புறம் போட் ஹவுஸ் க்யூவில் தாராளமாகப் போய் நில்லுங்கள். யார் வேண்டாமென்றது?