இடக்கைக்கு ஒரு துப்பாக்கிக் கட்டை

தமிழில் ‘வலம்’ என்ற சொல்லுக்கு வலப்பக்கம் என்பதோடு வலிமை, வெற்றி என்றும் பொருளுண்டு. இடப்பக்கத்துக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. பேச்சுவழக்கில் அது நொட்டாங்கை, பீச்சாங்கை. இந்த ஓரவஞ்சனை கருவிகளிலும் படிந்திருக்கிறது. கருக்கரிவாளின் பல்வரிசை வலக்கைக்காரரை எண்ணியே வெட்டப்படுகிறது. வேட்டைத் துப்பாக்கியும் அவரை எண்ணியே செய்யப்படுகிறது.

நெல்லும் தென்னையும் சூழ்ந்த கொட்டாரத்திலிருந்து கொண்டு, அதுவும் இலக்கியப் பக்கத்தில், துப்பாக்கியைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். ஜிம் கார்பெட்டையும் கென்னத் ஆண்டர்சனையும் விரும்பி வாசித்தவர்களுக்கு அது அந்நியப் பொருளல்ல. இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டுண்டு, 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நின்றுபோனது. ஆனால் பக்கத்துக் கேரளத்தில், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட, துப்பாக்கி உரிமம் பெற்றவர்களை உள்ளாட்சித் தலைவர்கள் அமர்த்தும் ஏற்பாடு 2022-இல் வந்தது. அவர்களிலும் இடக்கைக்காரர்கள் இருக்கக்கூடும். வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் வாழும் தமிழர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு.

தோளில் ஊன்றிக் கன்னம் சாய்த்துக் குறிபார்க்கும் பகுதியே கட்டை. வலக்கைக்காரருக்கான கட்டையில் கன்னமேடு இடப்புறம் இருக்கும். பல கட்டைகளின் பின்பகுதி சற்றே வலப்புறம் ஒதுங்கியும் இருக்கும். இடக்கைக்காரர் அதைத் தோளில் வைத்தால் கண் குறிக்கோட்டில் வந்து அமராது. கட்டையை மட்டும் மாற்றினாலும் தீராது. போல்ட்டின் கைப்பிடி வலப்புறம் இருப்பதால் கட்டையின் வெட்டும் அதே பக்கம் இருந்தாக வேண்டும். ஆகவே முதலில் தேடவேண்டியது இடக்கைப் போல்ட் கொண்ட துப்பாக்கியை. அல்லது கீழிருக்கும் லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகையை நாடலாம். ஆண்டர்சன் கையாண்ட .405 வின்செஸ்டர் அத்தகையது. அதை எந்தக் கையாலும் இயக்கலாம்.

அடுத்தது எடை. வால்நட் மரக்கட்டையை விட்டுக் கரிநார்க் கட்டைக்கு மாறினால் அரைக் கிலோ வரை குறையலாம். மலையேறுபவருக்கு அது பெரிய ஆறுதல். மரத்துக்கு வேறொரு குறையும் உண்டு. இரண்டு பருவமழையும் கடற்காற்றும் வாய்த்த நம் ஊரில் ஐப்பசி மழைக்குக் கதவு உப்பி நிலையில் இறுகுவதை யாவரும் அறிவோம். துப்பாக்கிக் கட்டையும் அவ்வாறே உப்பும். உப்பிய மரம் குழாயை நெருக்கினால் குண்டு போய்ச் சேரும் இடம் மாறும். நார்க் கட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. விலை மலிந்த பிளாஸ்டிக் கட்டையும் இலகுவானதுதான். ஆனால் சாய்த்து ஊன்றும்போது அதன் முன்பகுதி வளைந்து குழாயைத் தொட்டுவிடும்.

எடை குறைந்தால் உதை கூடும். ஒரே தோட்டாவைச் சுடும் 4 கிலோ துப்பாக்கியை 3.5 கிலோவாக்கினால், உதையின் ஆற்றல் ஏழில் ஒரு பங்கு கூடுகிறது. உதைக்கு அஞ்சும் விரல் விசையை வெடுக்கென்று இழுக்கும். கட்டை தோளுக்குப் பொருந்தாவிட்டால் அந்த அச்சம் இரட்டிக்கும்.

குறி பிசகினால் என்ன என்று கேட்பவர்கள் கார்பெட்டை மறுபடி வாசிக்கலாம். 1907-இல் அவர் சுட்ட சம்பாவத் பெண்புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள், மேலும் கீழும், பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதர்களைத் தேடி வந்தது என்கிறார் அவர். பலியானோர் 436 பேர் என்பது அவர் தரும் கணக்கு. யாரோ ஒருவரின் பிசகிய குண்டுக்கு ஊர் ஊராகக் கொடுத்த விலை அது. காயத்தோடு தப்பும் காட்டுப்பன்றியும் வயலுக்கு வருபவரைப் பார்த்து ஒதுங்கிப் போகாது.

ஆகவே இலகு என்ற சொல்லில் மயங்கக் கூடாது என்பது என் கட்சி. முதலில் எந்தக் கண் ஆட்சி செய்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு விசையிலிருந்து கட்டையின் முனைவரை உள்ள நீளம் கைக்கு ஒத்துவருகிறதா, கன்னமேடு சரியான பக்கத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். முனையில் நல்ல ரப்பர் மெத்தை வேண்டும். இவையெல்லாம் தேறிய பிறகே தராசை எடுக்கலாம். பொருந்தும் கட்டை கிடைக்காத இடக்கைக்காரர் சுடாமல் இருப்பதே விலங்குக்கும் ஊருக்கும் நல்லது. அவருக்கேற்ற கட்டையைச் செய்துதருவது செய்பவர்களின் கடமை. அதைச் சலுகையாக எண்ணுவது பிழை.