பை வெச்ச சீட்டு!

"ஒண்ணுமே ஓடலண்ணா, அதுக்குள்ள ராம் ஃபுல்லு!"

செஞ்சி ஜூனியர் ஒருத்தனோட புலம்பல் இது. கையில இருந்தது, அவன் அக்காவுக்கு அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். 2011-ல ஆரம்பிச்ச திட்டம்... விண்டோஸோட சி-டாக் உருவாக்குன 'பாஸ்' லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? அந்த பாஸோட புது வெர்ஷனைத்தான் பயல் ஏத்தியிருக்கான். கடைக்காரரோ 'ராம் மாத்தணும் தம்பி'ன்னுட்டார். செமஸ்டர் ஃபீஸுல கை வைக்கிற நிலைமை!

டெர்மினல்ல 'ஃப்ரீ'ன்னு அடிச்சோம். 2 ஜிபியில காலி வெறும் 90 எம்பி. ஆனா பக்கத்துலயே 'அவெய்லபிள்' 1,000 எம்பிக்கு மேல!

திண்டிவனம் - திருவண்ணாமலை பஸ்ஸுல ஏறியிருக்கீங்கதானே? பக்கத்து சீட்டுல பையை வெச்சுக்கிட்டு ஒருத்தர் ஹாயா உட்கார்ந்திருப்பார். செஞ்சியில ஆள் ஏறினா பையை மடிக்கு எடுத்துப்பார். அந்த சீட்டு காலியா, இல்லையா?

கெர்னலும் இப்படித்தான். படிச்ச ஃபைல்களை 'பேஜ் கேஷ்'ல வெச்சுக்கும் (பணம் இல்லீங்க, இது வேற கேஷ்!). ஃபைல் பேரு, விவரமெல்லாம் டென்ட்ரி, ஐநோட் கேஷ்ல தனியா இருக்கும். இதெல்லாம் 'எஸ் ரிக்ளெய்மபிள்'ங்கிற கணக்குல வரும். ஆயிரக்கணக்கான ஃபைல்களைத் தேடினா இது மளமளன்னு வீங்கும். புரோகிராம் இடம் கேட்டா, ரொம்ப நாளா தொடாததை முதல்ல தூக்கிடும். ஒரிஜினல்தான் டிஸ்க்குல இருக்கே!

எல்லாப் பையும் உடனே நகராது. மாத்தி எழுதி இன்னும் சேவ் ஆகாத பக்கத்தை டிஸ்க்குல எழுதின பிறகுதான் விட முடியும். திறந்திருக்கிற ஃபைலோட ஐநோட் அசையவே அசையாது. 'டெம்ப்எஃப்எஸ்' இன்னும் மோசம். கேஷ் கணக்குல உட்கார்ந்திருக்கும், ஆனா டிஸ்க்குல காப்பியே கிடையாது.

முன்னாடியெல்லாம் ஃப்ரீயையும் கேஷையும் நாமளே கூட்டிப் பார்த்து ஏமாந்தோம். 2014-ல வந்த லினக்ஸ் 3.14-லதான், ரிக் வான் ரீல் எழுதின 'மெம் அவெய்லபிள்' சேர்ந்துச்சு. அது ஃபைல் பக்கங்களையும் எஸ் ரிக்ளெய்மபிளையும் முழுசா எண்ணாது. கேஷே இல்லாட்டி சிஸ்டம் திணறும்னு ஒரு பங்கைக் கழிச்சிட்டுத்தான் சொல்லும்.

அதனால அவெய்லபிள் தரையைத் தொட்டு, ஸ்வாப்பும் ஓயாம ஓடினா மட்டும் ராம் கடைப்பக்கம் போங்க. 'டிராப் கேஷஸ் அடி மச்சி, பறக்கும்'னு சீனியர்ஸ் உசுப்பேத்துவாங்க. அடிச்சா ஃப்ரீ எண் ஏறும், நிஜம்தான். அடுத்த நிமிஷம் அத்தனை ஃபைலையும் டிஸ்க்குலேர்ந்து மறுபடி படிக்கணும். பழைய ஹார்ட் டிஸ்க்குன்னா, அதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்!