முகாமுக்கு அனுப்புமுன் கேட்க மறக்கும் கேள்வி

விடுமுறை நெருங்கும்போது நம் குடும்பங்களில் ஒரு பேச்சு எழுகிறது. குறிப்பாக, ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பள்ளிகள் மூடப்படும் வளைகுடா நாடுகளில் வாழும் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் இதனை மிகுதியாகக் கேட்கலாம். சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் பல தேசத்துச் சிறார்கள் சில வாரங்கள் ஒன்றாகத் தங்கும் கோடை முகாம்களுக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா என்பதே அப்பேச்சு. அப்போது தவறாமல் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: "அங்கே ஹலால் உணவு கிடைக்குமா?" கிடைக்கும் என்று பதில் வந்துவிட்டால், மார்க்கக் கடமை முடிந்ததென்று பலர் நிம்மதி அடைகின்றனர். எஞ்சியவை கட்டணமும் விசாவும்தாம்.

இந்த நிம்மதி ஆபத்தானது. பிள்ளையின் தட்டில் என்ன விழுகிறது என்று விசாரிக்கும் நாம், அப்பிள்ளை உறங்கும் அறையின் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பதில்லை.

முகாம்களே கூடாதென்று சொல்ல வரவில்லை. மனிதர்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13-ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பகை வேரூன்றுமுன் பிள்ளைகள் பழகிக்கொள்ளட்டும் என்று எண்ணிய உளவியலாளர் டோரிஸ் ஆலன், பல நாட்டுச் சிறார்களை 1951-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒன்றுகூட்டினார். நோக்கம் உயர்ந்ததே. ஆனால் நோக்கத்தின் உயர்வு எந்தப் பிள்ளைக்கும் காவலாகாது. "எல்லாமே ஹராம்" என்று ஒரே சொல்லில் முடிப்பவரும், "பெயர் பெற்ற நிறுவனம்" என்று ஒரே சொல்லில் முடிப்பவரும் விசாரிக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதில் ஒன்றுபட்டே நிற்கின்றனர்.

இரவில் விழித்திருப்பவர் யார்?

விளம்பர ஏடுகள் ஏரியையும் மலையையும் காட்டும். ஊழியர்களைக் காட்டுவது குறைவு. அமெரிக்க முகாம்களில் பணிபுரியும் வெளிநாட்டு இளைஞர்கள் பலர் ஜே-1 விசாவில் வருபவர்கள். 18 வயது நிறைந்திருந்தால் போதும். அதிகபட்சம் நான்கு மாதங்கள் பணியாற்றலாம். நல்லவர்கள் அவர்களுள் ஏராளம். ஆயினும் உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நள்ளிரவில் முடிவெடுக்கப்போவது ஒருவேளை பத்தொன்பது வயது மாணவராக இருக்கலாம்.

9 முதல் 14 வயது வரையிலான எட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் ஊழியரேனும் வேண்டும் என்பது, இரவு தங்கும் முகாம்களுக்கு அமெரிக்க முகாம் சங்கம் வகுத்துள்ள அளவு. ஆனால் அச்சங்கத்தின் அங்கீகாரத்தைப் பெறுவது முகாம்களின் விருப்பத்தைப் பொறுத்ததே, கட்டாயமன்று. இங்கிலாந்தில் சிறார்களுடன் பணிபுரிவோருக்கு டி.பி.எஸ். என்னும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. வேறொரு நாட்டிலிருந்து வந்த ஊழியர் அங்கே என்ன செய்தார் என்பது அதில் தெரியாமலே போகலாம். "சொந்த நாட்டிலிருந்தும் நற்சான்று பெற்றீர்களா?" என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

சட்டங்களும் பெரும்பாலும் உயிரிழப்புக்குப் பின்னரே வருகின்றன. 1993-இல் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் துடுப்புப் படகுப் பயிற்சிக்குச் சென்ற மாணவர்கள் நால்வர் மாண்டனர். சிறார்களுக்கான சாகச நிலையங்கள் உரிமம் பெற வேண்டும் என்னும் சட்டம் 1995-இல்தான் வந்தது. 2025 ஜூலை 4 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் சிறுமியர் முகாம் ஒன்றை ஆற்று வெள்ளம் சூழ்ந்து, சிறுமியரும் பணிப்பெண்களுமாக 27 பேரைக் கொண்டுபோனது. அதற்கு இரண்டு நாட்கள் முன்புதான் அரசு ஆய்வாளர்கள் அம்முகாமைப் பார்வையிட்டுச் சென்றிருந்தனர். சான்றிதழ் தேவைதான், அதுவே போதுமென்று இருந்துவிட முடியாது.

மார்க்கப் பெயரும் காவலாகாது

"அப்படியானால் முஸ்லிம்கள் நடத்தும் முகாமுக்கு அனுப்பிவிடுகிறோம்" என்று சிலர் விடை காண்பர். மிசௌரி மாநிலத்தில் பக்திமிக்க கிறித்தவக் குடும்பங்கள் இப்படி நம்பித்தான் கனகுக் முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பின. அங்குப் பொறுப்பில் இருந்த ஒருவர், சிறுவர்களிடம் பாலியல் வன்கொடுமை புரிந்த குற்றத்திற்காக 2010-இல் இரண்டு ஆயுள் தண்டனைகளும் 30 ஆண்டுச் சிறையும் பெற்றார். இறைபக்தியைப் பேசும் இடம் என்பதாலேயே பெற்றோரின் விழிப்பு தளர்ந்துவிடக் கூடும். தாடியும் தொப்பியும் எவருக்கும் நற்சான்றிதழ் ஆகா. வெளிநாட்டு முகாமிடம் கேட்கும் கேள்விகளை, நம் ஊரில் தங்கிப் பயிலும் மத்ரஸாவிடமும், ஜமாஅத் நடத்தும் கோடை வகுப்பிடமும் கேட்கத்தான் வேண்டும். கேட்பது அவநம்பிக்கை ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுமாறு அறிவுறுத்தியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

மார்க்க விசாரணையும் முழுமையாகட்டும்

ஹலால் இறைச்சி பரிமாறப்படும் முகாமிலேயே, இரவு நெருப்பைச் சுற்றி அமர்ந்து சுட்டுத் தின்னும் மார்ஷ்மெல்லோ மிட்டாயில் பன்றியின் ஜெலட்டின் இருக்கக் கூடும். ஜூலைத் தொடக்கத்தில் லண்டனில் சூரியன் மறைய இரவு 9.20 ஆகிறது, காலை 5 மணிக்கு முன்பே உதித்தும் விடுகிறது. இஷாவுக்கு முன்பே விளக்கணைக்கும் முகாமில் பிள்ளை என்ன செய்வான்? ஹனஃபி மத்ஹபின்படி ஓரூரில் 15 நாட்களுக்குக் குறைவாகத் தங்க எண்ணுபவர் பயணியாகவே கருதப்படுவார். ஷாஃபிஈ மத்ஹபிலோ, வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுமையாக 4 நாட்கள் தங்க எண்ணினாலே பயணச் சலுகை நீங்கிவிடும். ஆகவே புறப்படுமுன் ஆலிமிடம் கேட்டு, பிள்ளைக்கு விளங்கும்படி எழுதிக் கொடுங்கள். உடை மாற்றும் அறை, குளியலறை, நீச்சல் உடை, இறுதி நாள் நடன இரவு ஆகியவற்றைப் பற்றியும் முன்கூட்டியே எழுத்தில் பதில் பெறுங்கள்.

முகாமில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்களெனில், பிள்ளை தானாக உங்களை அழைக்க என்ன வழி என்று கேளுங்கள். தனியறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் இருப்பதை அவர்களின் விதி தடுக்கிறதா, புகார் எழுந்தால் முதலில் யாருக்குத் தெரிவிப்பார்கள் என்பவற்றைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்திற்கு, எவ்வளவு பெரிய பெயராயினும், அனுப்பாதீர்கள்.

இவை அனைத்திற்கும் மேலான ஆயத்தம் வீட்டில்தான் நடக்க வேண்டும். "பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே" என்று மட்டுமே கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, தவறாகத் தொடும் பெரியவரிடம் "வேண்டாம்" என்று சொல்ல நா எழாது. அதைச் சொல்ல உரிமை உண்டென்றும், யார் மிரட்டினாலும் உம்மா, வாப்பாவிடம் மறைக்கத் தேவையில்லை என்றும், என்ன நேர்ந்தாலும் அது உன் குற்றமன்று என்றும் மகளுக்குச் சொல்வதைப் போலவே மகனுக்கும் சொல்லுங்கள். ஆண்பிள்ளைக்கு ஆபத்தில்லை என்ற எண்ணம் நம் சமூகத்தின் பெரும் அறியாமை.

ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளோரைக் குறித்து விசாரிக்கப்படுவர் என்பது புகாரி, முஸ்லிம் நூல்களில் இடம்பெறும் நபிமொழியின் கருத்து. கட்டணம் செலுத்தியதால் அப்பொறுப்பு முகாமின் தலைவருக்கு மாறிவிடாது. பிள்ளை எங்கிருந்தாலும் அமானிதம் நம்முடையதே. அதைப் பேணிக்காக்கும் விழிப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.